க்ருப் குடும்பத்தின் ஊரில்: எஸ்ஸன் பயணக் குறிப்புகள்

செவ்வாய்: ஆல்டன்டார்ஃப் சாலை

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் உள்ள எஸ்ஸன் நகரத்துக்கு ஒரே ஒரு குடும்பத்தின் தடங்களைத் தேடி வந்திருக்கிறேன். ஐரோப்பாவின் எஃகுத் தொழிலிலும் ஆயுதத் தொழிலிலும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் முன்வரிசையில் நின்ற க்ருப் குடும்பம், 1587-இல் இவ்வூர் வணிகர் சங்கப் பதிவேட்டில் முதன்முதலாக இடம்பெறுகிறது. ஆர்ன்ட் க்ருப் என்ற அந்த வணிகர், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறியவர்களின் நிலங்களை மலிவாக வாங்கிச் செல்வம் சேர்த்ததாக ஊர் வரலாறு சொல்கிறது. அவருடைய மகன் ஆன்டன், முப்பதாண்டுப் போரின்போது துப்பாக்கிக் குழல்களை விற்றார். ஆயினும் இந்தக் குடும்பத்தை உலகம் அறியச் செய்தது வார்ப்பெஃகு. அதன் தொடக்கத்தைக் காண்பதற்காகவே இன்று நகர மையத்திலிருந்து மேற்கு நோக்கி நடந்தேன்.

ஆல்டன்டார்ஃப் சாலையில் இப்போது தைசன்க்ருப் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. 2010-இல் திறக்கப்பட்ட அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு அருகில், மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் எழுப்பிக் கட்டிய சின்னஞ்சிறு வீடொன்று நிற்கிறது. குடும்பத்தார் இதனை மூலவீடு என்றே அழைத்தனர். இன்று நாம் காண்பது, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் அழிந்துபோன வீட்டை, நிறுவனத்தின் 150-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1961-இல் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பிய கட்டடம்.

இந்த வீட்டின் கதையை அறியாமல் க்ருப்புகளின் மனப்போக்கைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். நெப்போலியன் இங்கிலாந்துப் பொருள்களுக்குத் தடை விதித்திருந்த காலத்தில், ஷெஃபீல்டின் தரமான வார்ப்பெஃகு ஐரோப்பியக் கண்டத்தில் கிடைக்காமல் போயிற்று. அந்த எஃகைத் தாமே செய்துவிடலாம் என்று நம்பிய ஃபிரீட்ரிஷ் க்ருப், 1811 நவம்பர் 20-இல் ஓர் ஆலையைத் தொடங்கினார். ஆங்கிலேயர்கள் காத்துவந்த செய்முறையைக் கண்டறிவதற்குள் அவருடைய பணமும் உடல்நலமும் கரைந்தன. நெப்போலியன் வீழ்ந்ததும் தடை நீங்கி, இங்கிலாந்து எஃகு மறுபடியும் வந்துவிட்டது. நகரத்தில் இருந்த நல்ல வீட்டை இழந்த குடும்பம் 1824-இல், மேற்பார்வையாளருக்கென ஆலை வளாகத்தில் கட்டியிருந்த இந்தச் சிறு வீட்டில் குடியேறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து 39-ஆவது வயதில் ஃபிரீட்ரிஷ் கடனோடு இறந்தபோது, பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஆலைக்கு வந்தவன் 14 வயது மூத்த மகன் ஆல்ஃபிரெட். தாய் தெரேஸாவின் பெயரில் நிறுவனம் நடந்தது. தொழிலாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சிறுவன் 1887-இல் 75 வயதில் இறந்தபோது ஏறத்தாழ 20,000 பேர் அவரிடம் வேலை பார்த்தனர். பெரும் பணக்காரர் ஆன பின்னும் இந்த வீட்டை இடிக்க அவர் ஒப்பவில்லை. தம் பெற்றோருக்குப் புகலிடம் தந்த வீடு இது என்றும், இந்த ஆலையைத் தொடங்கியதால் தம் குடும்பம் அடைந்த துயரம் எந்தத் தொழிலாளிக்கும் நேரக் கூடாது என்றும் அவர் எழுதிவைத்தார். அந்தச் சொற்களில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இந்தப் பயணத்தை அது எளிதாக்கவில்லை, கடினமாக்குகிறது.

வார்ப்பெஃகு செய்த முறையையும் சொல்லியாக வேண்டும். களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்து செய்த மூசைகளில் இரும்பை அடைத்து, உலையில் வைத்து உருக்குவார்கள். ஒரு மூசையில் கொள்வது சில பத்து கிலோ மட்டுமே. பெரிய கட்டி வார்க்க வேண்டுமானால், அத்தனை மூசைகளும் ஒரே நேரத்தில் பக்குவம் அடைந்திருக்க வேண்டும். அவற்றை இருவர் இருவராகத் தூக்கிவந்து, ஊற்று இடையில் அறுந்துவிடாமல் அடுத்தடுத்து அச்சில் கவிழ்க்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கட்டியின் நடுவில் பிளவு விழும். நூற்றுக்கணக்கான ஆட்கள் படையணியைப் போல் இயங்கினால்தான் இது கைகூடும். 1851-இல் லண்டன் உலகக் கண்காட்சிக்கு ஆல்ஃபிரெட் அனுப்பிய இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எஃகுக் கட்டியைக் கண்டு ஆங்கிலேயர்கள் வியந்ததற்குக் காரணம், அதன் எடையைக் காட்டிலும் அதற்குப் பின்னால் இருந்த இந்த ஒழுங்குதான். அந்தக் கட்டியோடு ஒரு பீரங்கியையும் அவர் அனுப்பியிருந்தார்.

புதன்: ஹ்யூகல் மாளிகை

எஸ்ஸன் நிலையத்திலிருந்து எஸ் 6 புறநகர் ரயிலில் தெற்கே சென்றால், ஹ்யூகல் என்ற சிறு நிலையத்தில் இறங்கி, மரங்களுக்கு நடுவே ஏறும் பாதையில் மாளிகையை அடையலாம். கீழே ரூர் ஆற்றைத் தடுத்து 1930-களில் உருவாக்கிய பால்டனை ஏரி விரிந்து கிடக்கிறது. திங்கட்கிழமைகளில் மாளிகை மூடியிருக்கும் என்பதை வர விரும்புவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

1873-இல் கட்டி முடிந்த இந்த மாளிகையில் 269 அறைகள் உள்ளன. ஆல்ஃபிரெட் க்ருப்புக்குக் கட்டடக் கலைஞர்களின் மேல் நம்பிக்கை இல்லை. திட்டத்தின் பெரும்பகுதியைத் தாமே வரைந்தார். தீவிபத்தைப் பற்றிய அச்சம் அவரை விடாமல் துரத்தியதால், கல்லும் இரும்பும் கொண்டே மாளிகையை எழுப்பச் செய்தார். காற்றோட்டத்துக்கும் வெப்பமூட்டலுக்கும் அவர் எழுதிய குறிப்புகளுக்கு முடிவே இல்லை. பெரிய கூடத்தில் நின்றபோது, இது மனிதர் வாழ்வதற்காகக் கட்டிய இடமாக எனக்குத் தோன்றவில்லை. ஜெர்மன் பேரரசரும், உலகின் பல திசைகளிலிருந்து பீரங்கி வாங்க வந்த தூதர்களும் தங்குவதற்கான அரசு விடுதியின் தோற்றம் அதற்கு இருக்கிறது. சுவர்களில் குடும்பத்தாரின் ஆளுயர ஓவியங்கள் தொங்குகின்றன.

க்ருப்பின் செல்வம் முதலில் பீரங்கியால் வந்ததன்று. 1850-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெட் உருவாக்கிய, ஒட்டுச்சேர்க்கை இல்லாத ரயில் சக்கர வளையமே நிறுவனத்தை நிமிர்த்தியது. பற்றவைத்த வளையங்கள் ஓட்டத்தில் உடைந்து விபத்துகள் நேர்ந்த காலம் அது. உடையாத வளையத்தை அமெரிக்க ரயில் நிறுவனங்கள்கூட வாங்கின. ஒன்றோடொன்று பிணைந்த மூன்று வளையங்கள் 1875-இல் நிறுவனத்தின் சின்னமாயின. அவற்றைப் பீரங்கிக் குழல்கள் என்று எண்ணுவோர் பலர். அவை ரயில் சக்கரத்தின் வளையங்களே.

பிரஷ்யா 1859-இல் கொடுத்த 300-க்கும் மேற்பட்ட பீரங்கிக் குழல்களுக்கான ஆணை எல்லாவற்றையும் மாற்றியது. 1870-இல் பிரான்சோடு நடந்த போரில் க்ருப்பின் எஃகுப் பீரங்கிகள் பிரெஞ்சுப் படையின் வெண்கலப் பீரங்கிகளைத் தூரத்திலிருந்தே அடக்கின. அந்தப் போருக்குச் சில ஆண்டுகள் முன்னர் ஆல்ஃபிரெட் இதே பீரங்கிகளைப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கும் விற்க முன்வந்தார் என்பதை மறக்கக் கூடாது. யார் பணம் கொடுத்தாலும் விற்பது என்பதுதான் அந்நாளைய ஆயுத வணிகத்தின் இயல்பு. தேசபக்தி என்ற பூச்சு பின்னால் வந்து சேர்ந்தது.

அடுத்த தலைமுறையில் ஆல்ஃபிரெட்டின் மகன் ஃபிரீட்ரிஷ் ஆல்ஃபிரெட், கீல் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தையும் சேர்த்துக்கொண்டு, போர்க்கப்பல் கவசத் தகடுகளில் க்ருப் எஃகை உலக அளவுகோலாக ஆக்கினார். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் கப்பலின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளும் க்ருப் ஆலையில் வார்த்தவையே. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அந்தத் தாக்குதலுக்கான நினைவுக்கல்லைப் பார்த்திருப்பவர்களுக்கு, எஸ்ஸன் அவ்வளவு தொலைவில் இல்லை.

ஃபிரீட்ரிஷ் ஆல்ஃபிரெட் 1902-இல், காப்ரி தீவில் அவர் நடத்திய வாழ்க்கையைப் பற்றி ஒரு சோஷலிச நாளேடு எழுதிய ஒரு வாரத்துக்குள் இறந்தார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மூத்த மகள் பெர்தா 1906-இல் இந்த மாளிகையில் குஸ்தாவ் ஃபான் போலன் உன்ட் ஹால்பாக் என்ற தூதரக அதிகாரியை மணந்தபோது, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நேரில் வந்து, க்ருப் என்ற பெயரை அவர் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள உரிமை அளித்தார். 1914-இல் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளைத் தகர்த்த 42 சென்டிமீட்டர் பீரங்கிக்கு மக்கள் வைத்த பெயர் ‘பருத்த பெர்தா’. ஒரு பெண்ணின் பெயர் இப்படிப் படிந்துபோனதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அந்தப் போரைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. போருக்கு முன்னரே க்ருப், வெடிகுண்டுத் திரிக்கருவிக்கான தன் காப்புரிமையைப் பயன்படுத்த இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்திருந்தது. போரில் பிரிட்டிஷ் குண்டுகள் அந்தக் கருவியோடுதான் ஜெர்மானியர்மீது விழுந்தன. போர் முடிந்ததும் க்ருப், தனக்கு வரவேண்டிய உரிமத் தொகையைக் கேட்டு விக்கர்ஸ்மீது வழக்கு நடத்தியது. 1926-இல் 40,000 பவுண்டு பெற்றுக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. இறந்தவர்களுள் எஸ்ஸன் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

வியாழன்: மார்கரெத்தன்ஹேயெ

யு 17 நகர ரயில் தடத்தின் கடைசி நிறுத்தம் மார்கரெத்தன்ஹேயெ. ஃபிரீட்ரிஷ் ஆல்ஃபிரெட்டின் மனைவி மார்கரெத்தெ, மகளின் திருமணத்தையொட்டி 1906-இல் நிலமும் 10 லட்சம் மார்க்கும் கொடுத்து அமைத்த அறக்கட்டளையின் பயன் இந்தத் தோட்டக் குடியிருப்பு. கட்டடக் கலைஞர் கேயார்க் மெட்சன்டார்ஃப் 1909 முதல் இதனைக் கட்டினார்.

வளைவுப் பாலத்தைக் கடந்து நுழைவாயில் வீட்டின் அடியில் சென்றால், மேட்டில் ஏறும் தெருவின் இருபுறமும் பசுங்கொடி படர்ந்த வீடுகள் தொடங்குகின்றன. ஒரு வீட்டைப் போல் மற்றொன்று இல்லை. ஆனாலும் கதவு, சன்னல், படி ஆகியவற்றின் அளவுகளைப் பொதுவாக வைத்துச் செலவைக் குறைத்திருக்கிறார்கள். சமையலறை அடுப்பின் வெப்பமே பக்கத்து அறையையும் சூடாக்கும் அமைப்பும், வீட்டுக்குள்ளேயே கழிவறையும், பின்னால் காய்கறித் தோட்டமும் அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு எட்டாதவை. இது க்ருப் தொழிலாளர்களுக்கு மட்டுமான குடியிருப்பும் அன்று. நகரத்தின் சிறு ஊதியக்காரர்களும் இங்கே குடியேறினர். சந்தைச் சதுக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு முதியவர், தம் பாட்டனார் காலம் முதல் இங்கேயே இருப்பதாகவும், வீடு காலியானால் பெரிய வரிசை நிற்கும் என்றும் பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமை நியாயமானது.

இந்த அக்கறை மார்கரெத்தெயோடு தொடங்கவில்லை. தொழிலாளர்களுக்கான நோய்க்கால நிதி ஆல்ஃபிரெட்டின் காலத்திலேயே 1836-இல் ஏற்பட்டது. பிஸ்மார்க்கின் அரசு 1883-இல் நோய்க்காப்பீட்டுச் சட்டம் கொண்டுவருவதற்கு முன்னரே இங்கே ஓய்வூதியமும், நியாயவிலைக் கடைகளும், மருத்துவமனையும், குடியிருப்புகளும் இருந்தன. ஊர்க்காரர்கள் தங்களைக் க்ருப்பியானர் என்று சொல்லிக்கொண்டனர். தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று அதே ஆலைக்குச் சென்றனர்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. 1872-இல் ஆல்ஃபிரெட் வகுத்த 72 பிரிவுகள் கொண்ட பொது ஒழுங்குமுறை, முழு விசுவாசத்தைக் கேட்டது. நாட்டு அரசியலைப் பற்றிக் கவலைப்படுவது தொழிலாளியின் வேலை அன்று என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். சமூக ஜனநாயகக் கட்சியோடு தொடர்புள்ளவர் என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். பல ஆண்டுகள் கட்டிய ஓய்வூதியச் சந்தாவும் போகும். எஜமான் தன் வீட்டுக்கு எஜமானாக இருப்பான் என்பதே அவருடைய கொள்கை. ஆக, இந்தக் குடும்பம் கொடுத்தது உரிமை அன்று, அருள். வீட்டுக்குள் இருப்பவனுக்கு மட்டுமே அது கிடைக்கும். யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவு செய்வதும் அந்தக் குடும்பமே. இந்தப் பயணத்தில் நான் கண்டவற்றுள் முதன்மையானதாக இதையே கருதுகிறேன். நாளைக்குப் போகப்போகும் இடத்துக்கும் இந்த அழகான தெருக்களுக்கும் உள்ள தொடர்பு இதில்தான் இருக்கிறது.

மாலையில் அருகிலுள்ள பள்ளத்தாக்கில் ஹால்பாக் சம்மட்டிக் கூடத்தைப் பார்த்தேன். நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பழைய இரும்புப் பட்டறை இது. குஸ்தாவ் 1930-களில் வேறு ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுவினார்.

வெள்ளி: ஹும்போல்ட் சாலை

மாளிகையையும் தோட்டக் குடியிருப்பையும் பார்க்க வருவோர் பலர். ஹும்போல்ட் சாலைக்கு வருவோர் அரிது. வீடுகளும் கார்களும் உள்ள சாதாரணச் சாலை அது. 1944 ஆகஸ்டில், பூஹன்வால்ட் வதைமுகாமின் கிளையாக இயங்கிய முகாம் ஒன்று இங்கே அமைந்தது. பெரும்பாலும் ஹங்கேரியைச் சேர்ந்த 520 யூதப் பெண்களும் சிறுமிகளும் அதில் அடைக்கப்பட்டனர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குடும்பத்தாரை இழந்து வந்த அவர்கள், க்ருப்பின் உருட்டாலையில் வேலை செய்தார்கள். குண்டுவீச்சில் கொட்டகைகள் எரிந்த பிறகு நிலவறையில் படுத்தார்கள். குளிர்காலத்தில் கிழிந்த செருப்போடு ஆலைக்கு நெடுந்தூரம் நடந்தார்கள். 1945 மார்ச்சில், அமெரிக்கப் படை நெருங்கும் வேளையில், அவர்களை மீண்டும் வதைமுகாமுக்கே ரயிலேற்றி அனுப்பினார்கள்.

இவர்கள் ஒரு சிறு பகுதி மட்டுமே. போர்க்காலத்தில் க்ருப் குழுமத்தில் கட்டாய உழைப்புக்கு ஆளான அயல்நாட்டினர், போர்க்கைதிகள், முகாம் கைதிகள் ஆகியோரின் தொகை ஏறத்தாழ 1,00,000 எனக் கணக்கிடப்படுகிறது. கிழக்கிலிருந்து கொண்டுவந்த பெண்கள் பெற்ற குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஃபேர்டெ என்ற ஊரில் ஒரு முகாமில் வைத்தார்கள்; அந்தக் குழந்தைகளில் பலர் நோயாலும் பசியாலும் இறந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தன் தொழிலாளியின் காய்ச்சலுக்கு நிதி ஒதுக்கிய நிறுவனம் இது. குழந்தையை எப்படிக் காப்பாற்றுவது என்று அதற்குத் தெரியாமல் இல்லை. அந்தக் குழந்தைகளை அது வீட்டுக்குள் இருப்பவர்களாகக் கருதவில்லை. இதை எழுதும்போது என் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

நாஜிகளோடு க்ருப்புகள் கொண்ட உறவு படிப்படியாக இறுகியது. 1933 பிப்ரவரி 20-இல் ஹிட்லர் தொழிலதிபர்களை அழைத்துத் தேர்தல் நிதி கேட்ட கூட்டத்தில் குஸ்தாவ் இருந்தார். பின்னர் ஹிட்லருக்காகத் தொழிலதிபர்களிடம் நிதி திரட்டும் அமைப்புக்குத் தலைமை தாங்கினார். குஸ்தாவின் மூத்த மகனும் பழைய ஆல்ஃபிரெட்டின் கொள்ளுப்பேரனுமான ஆல்ஃப்ரீட், ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்னர் 1931-இலேயே நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். அமைப்புக்கு நிதி ஆதரவாளர் ஆனவர். 1943 நவம்பரில் ஹிட்லர் பிறப்பித்த தனிச் சட்டம், வாரிசு வரி இல்லாமல் நிறுவனம் முழுவதையும் ஆல்ஃப்ரீட் ஒருவரின் உடைமையாக்கியது. 80 சென்டிமீட்டர் வாயுடைய ‘குஸ்தாவ்’ ரயில் பீரங்கி 1942-இல் செவஸ்தபோல்மீது ஏழு டன் குண்டுகளை வீசியது. அதே எஸ்ஸன்மீது 1945 மார்ச் 11-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின.

1945 ஏப்ரல் 11-இல் அமெரிக்கப் படையினர் ஹ்யூகல் மாளிகையில் ஆல்ஃப்ரீட்டைக் கைது செய்தனர். நோயுற்றிருந்த குஸ்தாவை விசாரிக்க இயலவில்லை. நூரெம்பர்க்கில் அமெரிக்க இராணுவ நீதிமன்றம் 1948 ஜூலை 31-இல் ஆல்ஃப்ரீட்டுக்கு 12 ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதித்தது. குற்றங்கள், பிறநாட்டு உடைமைகளைக் கொள்ளையிட்டதும் அடிமை உழைப்பைப் பயன்படுத்தியதும். ஆனால் பனிப்போர் தொடங்கிவிட்டது. அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்லாய் 1951-இல் அவரை விடுவித்தார், சொத்தும் திரும்பியது. நிலக்கரி, எஃகுப் பிரிவுகளை விற்றுவிடுவதாக 1953-இல் ஆல்ஃப்ரீட் கொடுத்த உறுதி, வாங்குவோர் இல்லை என்ற காரணத்தால் நிறைவேறவே இல்லை. 1959-இல் யூதக் கட்டாயத் தொழிலாளர்களுக்கு ஒரு தொகை தர நிறுவனம் உடன்பட்டது; சட்டப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமலே உடன்பட்டது. யூதர் அல்லாத கட்டாயத் தொழிலாளர்களுக்கு அதில் பங்கில்லை. அவர்களுக்கென ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து நிதியம் அமைத்தது 2000-இல். அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டனர்.

சனி: ரைன்ஹௌசன்

எஸ்ஸனிலிருந்து ரயிலில் டூயிஸ்புர்க் வந்து, ரைன் ஆற்றைக் கடந்து ரைன்ஹௌசனை அடைந்தேன். ஃபிரீட்ரிஷ் ஆல்ஃபிரெட் 1897-இல் இங்கே பேருலைகளை எரியவைத்தார். குடும்ப ஆட்சி முடிந்த பிறகு நடந்தவற்றை அறிய இவ்வூரைத்தான் பார்க்க வேண்டும்.

ஆல்ஃப்ரீட் 1953-இல் நிர்வாகத்தைப் பெர்தோல்ட் பைட்ஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். போர்க்காலத்தில், இன்றைய உக்ரைனில் உள்ள போரிஸ்லாவ் பகுதியில் நூற்றுக்கணக்கான யூதர்களை, எண்ணெய் வேலைக்குத் தேவையானவர்கள் என்று சொல்லி மரண ரயில்களிலிருந்து மீட்டவர் பைட்ஸ். அதற்காக 1973-இல் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரைச் சிறப்பித்தது. அதே காலத்தில் இன்னொருவர் இன்னொரு முடிவை எடுக்க முடிந்தது என்பதற்கு அவர் சாட்சி. அந்த மனிதரையே தேடிப்பிடித்து ஆல்ஃப்ரீட் தம் நிறுவனத்தை ஒப்படைத்ததன் காரணத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்தியாவின் ரூர்கேலா எஃகு ஆலையைக் க்ருப்பும் டெமாக் நிறுவனமும் சேர்ந்து அமைத்ததும் இந்த ஐம்பதுகளில்தான்.

ஆல்ஃப்ரீட்டின் ஒரே மகன் ஆர்ன்ட், ஆண்டுதோறும் ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு 1966-இல் வாரிசுரிமையைத் துறந்தார். 1967 ஜூலையில் ஆல்ஃப்ரீட் இறந்ததும், சொத்து முழுவதும் அறக்கட்டளைக்குச் சென்றது. முதல் ஆர்ன்ட்டோடு தொடங்கிய குடும்ப வணிகம் இன்னோர் ஆர்ன்ட்டோடு முடிந்தது.

ரைன்ஹௌசன் ஆலையை மூடப்போவதாக 1987 நவம்பரில் செய்தி வந்தபோது, ஏறத்தாழ 6,000 பேரின் வேலை ஆபத்தில் இருந்தது. தொழிலாளர்கள் ரைன் பாலத்தை மறித்தார்கள். அந்தப் பாலத்தின் பெயர் இன்றும் ‘ஒற்றுமைப் பாலம்’. டிசம்பரில் ஹ்யூகல் மாளிகையில் நிறுவனக் கண்காணிப்புக் குழு கூடியிருந்தபோது, வேலை உடையோடு வந்த தொழிலாளர்கள் கதவுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பேரரசர்கள் விருந்துண்ட அந்தக் கூடத்தில் அவர்கள் அழைப்பில்லாமல் நின்றார்கள். ஏறத்தாழ 160 நாள் போராடி, ஆலைக்குச் சில ஆண்டுகள் ஆயுள் நீட்டித்தார்கள். 1993-இல் அது மூடப்பட்டது.

ஆலை இருந்த நிலத்தில் இப்போது சரக்குக் கிடங்குகளும் கொள்கலன் முனையங்களும் உள்ளன. சீனாவிலிருந்து வரும் சரக்கு ரயில்கள் பல டூயிஸ்புர்க்கில் வந்து சேர்கின்றன. பாலத்தருகே பேசிய ஒருவர், தாம் பயிற்சித் தொழிலாளியாக அந்த முற்றுகையில் நின்றதாகச் சொன்னார். க்ருப் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். மாளிகைக்குள் தாம் போனது அந்த ஒரே முறைதான் என்றும், அதற்காக யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்றும் பதில் சொன்னார்.